இரண்டா, ஆறா, பதினொன்றா: திரவப் பளிங்குப் பல்பகுதியத்தில் இடைத்தொடரின் நீளத்தைத் தேர்தல்

"மாமா, மூண்டு மாதிரி தரலாமாம். ரெண்டுதான் கேக்கலாம். எந்த ரெண்டைக் கேக்கிறது?"

என் தங்கச்சியின் மகள் மேற்படிப்புக்கு ஆய்வு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறாள். சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். விறாந்தையில் இருந்தபடி அவள் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். யோசிக்காமல் சொல்லும் பதில் ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பைத் தின்றுவிடும் என்பதைக் கண்டிருக்கிறேன். மூன்று நாள் எடுத்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே தெரிவு முன்னால் வந்து நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

அவள் படிக்கப்போகும் பொருள் பக்கச் சங்கிலித் திரவப் பளிங்குப் பல்பகுதியம். திரவம்போல அசைந்தாலும் மூலக்கூறுகள் பளிங்கில்போல ஓரளவு ஒழுங்காக நிற்கும் நிலையே திரவப் பளிங்கு. நீண்ட பிரதான சங்கிலி ஒன்று. அதிலிருந்து வரிசையாகத் தொங்குபவை விறைப்பான கோல்கள், அதாவது பென்சீன் வளையங்கள் கோத்த மூலக்கூற்றுப் பகுதிகள். கோலையும் சங்கிலியையும் இணைப்பது மெதிலீன் கூட்டங்களாலான நெகிழும் துண்டு. அதைத்தான் இடைத்தொடர் என்கிறேன். மூன்று மாதிரியிலும் கோலும் சங்கிலியும் ஒன்றே. இடைத்தொடரில் மட்டும் மெதிலீன் எண்ணிக்கை 2, 6, 11 என்று மாறுகிறது.

மாட்டுப் பட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பால் கறக்கும் நேரத்தில் இரண்டு கட்டைக்கு நடுவே நீளக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் கன்றுகளை வரிசையாகப் பிணைப்பார்கள். கன்றின் கழுத்துக் கயிறு ஒரு சாண் என்றால், கன்று தலையை ஆட்டும்போதெல்லாம் பெரிய கயிறும் ஆடும், பக்கத்துக் கன்றும் இழுபடும். இரண்டு முழம் விட்டால் கன்றுகள் பெரிய கயிற்றைக் கவனியாமல், காற்றுக்கு முதுகைக் காட்டி எல்லாம் ஒரே பக்கமாக நிற்கும். கோல்கள் ஒரே திசை பார்த்து நிற்கும் அந்த நிலையே நெமற்றிக் நிலை. இன்னும் நீளமாக விட்டால் தங்களுக்குள் தனி வரிசை கட்டி நிற்கவும் தொடங்கும். அது ஸ்மெற்றிக், அடுக்கு நிலை.

சங்கிலியின் ஆட்டத்தையும் கோலின் ஒழுங்கையும் இடைத்தொடரால் பிரித்து வைக்கலாம் என்ற கருத்தை 1978இல் முன்வைத்தவர்கள் பிங்கல்மான், றிங்ஸ்டோர்ப், வெண்டோர்ப் ஆகிய மூவர். அதற்கு முன் கோலை நேரே சங்கிலியில் ஒட்டிப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடித்தன்மையான திண்மமே மிஞ்சியது. சங்கிலி சுருண்டு கிடக்க விரும்பும், கோல்கள் நிரையாக நிற்க விரும்பும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் ஒழுங்கு எப்படி வரும்?

இனி மூன்று நீளத்தையும் எடுத்துப் பார்ப்போம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. உயர்தரப் புத்தகத்தில் பியூட்டேன் படித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். காபன் சங்கிலியின் ஒவ்வொரு பிணைப்பும் மூன்று இருக்கையில் இருக்கலாம்: நீட்டிய இருக்கை ஒன்று, மடங்கிய இருக்கை இரண்டு. மடங்குவதற்கு ஏறத்தாழ மூலுக்கு 3.8 கிலோயூல் கூடச் செலவாகும். அறை வெப்பநிலையில் அதைப் போட்டுக் கணித்தால், ஒரு பிணைப்பு நீட்டி இருக்கும் நிகழ்தகவு 0.7 வரை வரும். இரண்டு பக்கமும் ஒட்சிசன் உள்ள இடைத்தொடரில் மெதிலீன் இரண்டு என்றால் சுழலும் பிணைப்பு மூன்று. ஆறு என்றால் ஏழு, பதினொன்று என்றால் பன்னிரண்டு. அப்படியானால் எடுக்கக்கூடிய வடிவங்கள் 27, 2187, 5,31,441. முழுத் தொடரும் விறைத்து நீண்டு நிற்கும் வாய்ப்பு முறையே நூற்றுக்கு 34, 8, ஒன்றரைக்கும் குறைவு. அயற்பிணைப்புகள் ஒன்றையொன்று பாதிப்பதையும், சூழ உள்ள ஒழுங்கு நீட்டிய வடிவங்களைக் கூடுதலாகத் தாங்குவதையும் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. ஆனாலும் விசயத்தின் மையம் இதில் தெரிகிறது. இரண்டு மெதிலீன் உள்ள தொடர் கிட்டத்தட்ட ஒரு தடி. கோலை அசைத்தால் சங்கிலிக்குத் தெரியும். ஆறு உண்மையான கயிறு. பதினொன்றின் மறுமுனையில் நடப்பது சங்கிலிக்கு மிக மங்கலாகவே எட்டும்.

மங்கலாக என்றுதான் சொல்கிறேன், எட்டாது என்று சொல்லவில்லை. நியூத்திரன் சிதறல் மூலம் சங்கிலியின் வடிவத்தை அளந்தவர்கள், நீண்ட இடைத்தொடர் இருந்தாலும் கோல்களின் ஒழுங்கு சங்கிலியைச் சற்று நீட்டியோ தட்டையாக்கியோ விடுகிறது என்று கண்டார்கள். அடுக்கு நிலையில் சங்கிலி அடுக்குகளுக்கு இடையில் நெரிந்து தட்டையாகிறது. ஆக, கயிறு எவ்வளவு நீண்டாலும் அறுபடுவதில்லை.

இனி அவளின் உண்மையான கேள்வி: மூலக்கூறு எப்படி அசைகிறது?

இந்தப் பொருளில் அசைவு ஒன்றல்ல, நான்கு. பிரதான சங்கிலியின் பகுதிகள் நெளிவது அல்பா. இந்த நெளிவு உறையும் இடமே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. கோல் முழுதாகத் தலைகீழாகப் புரள்வது டெல்டா. கோல் தன் நீட்டு அச்சைச் சுற்றிச் சுழல்வது பீற்றா. இடைத்தொடரின் மூன்று நான்கு மெதிலீன்கள் சேர்ந்து, கிணற்றுக் கப்பியின் கைபிடி சுற்றுவதுபோல, இடத்தைவிட்டு விலகாமல் சுற்றுவது காமா. காமா மிக இலேசானது. கண்ணாடி நிலையிலும் ஓயாது, பூச்சியத்துக்குப் பல பத்துப் பாகை கீழேயும் நடக்கும். டெல்டா மிகப் பாரமானது. ஒரு கோல் புரள அயலில் உள்ளவை வழிவிட வேண்டும், கயிறும் சங்கிலியும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இடைத்தொடரின் நீளம் இந்த நான்கையும் ஒரே அளவாக மாற்றாது என்பதுதான் தெரிவைச் சிக்கலாக்குகிறது.

இரண்டு மெதிலீனில் காமா ஏறத்தாழ இல்லை. கைபிடி சுற்றுவதற்கே மெதிலீன் போதாது. டெல்டாவும் அல்பாவும் கைகோத்துக்கொண்டே நடக்கும். கண்ணாடி நிலைமாற்றம் உயரத்தில் இருக்கும். ஆறில் காமா தெளிவாகத் தோன்றும். டெல்டா சங்கிலியிடமிருந்து ஓரளவு விடுபட்டு விரைவாகும், கண்ணாடி நிலைமாற்றமும் இறங்கும். அப்படியானால் பதினொன்றில் எல்லாம் இன்னும் விரைவாகும் என்றுதான் எவரும் நினைப்பர். மருமகளும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். ஆனால் நீண்ட தொடர் அடுக்கைக் கொண்டுவருகிறது. அடுக்குக்குள் நிற்கும் கோல் புரள வேண்டுமானால் அடுக்கைக் குலைத்துக்கொண்டு புரள வேண்டும். அதனால் டெல்டாவின் ஏவற்சக்தி ஏறுகிறது. தொடர் நீண்டும் புரள்வு கடினமாகிறது. பதினொன்று, பன்னிரண்டு என்று போனால் பக்கச் சங்கிலிகளே பளிங்காக உறைந்துவிடவும் கூடும். உறைந்துவிட்டால் அங்கே திரவப் பளிங்கு இல்லை.

இங்கேதான் நான் அவளை மறித்தேன். அவள் முதலில் எழுதிய தெரிவு ஆறும் பதினொன்றும். "ரெண்டில கயிறே இல்லை மாமா, அதில பாக்க என்ன இருக்கு?" என்றாள். பிள்ளை, பார்க்க இருப்பதே அதில்தான். ஆறிலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது நீளம் மட்டும் மாறவில்லை. நிலையே நெமற்றிக்கிலிருந்து ஸ்மெற்றிக்குக்கு மாறுகிறது. டெல்டா மெதுவானால், கயிறு நீண்டதால் மெதுவானதா, அடுக்கு வந்ததால் மெதுவானதா? பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் ஆறும் என்றால் இரண்டையும் நெமற்றிக் நிலையில் வைத்தே ஒப்பிடலாம். ஆறு மெதிலீன் மாதிரி குளிரும்போது கீழ்ப் பகுதியில் ஸ்மெற்றிக் தோன்றக்கூடும். முனைவாக்க நுணுக்குக்காட்டியில் இழையமைப்பைப் பார்த்து, நெமற்றிக் பகுதிக்குள் நின்றுகொண்டால் போதும்.

பதினொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆய்வின் கேள்வி "அடுக்கு, அசைவை எப்படிக் கட்டுகிறது" என்பதாக இருந்தால் ஆறும் பதினொன்றும்தான் சரி. கேள்வியை முதலில் எழுது, மாதிரியைப் பிறகு கேள் என்றேன். அவளின் கேள்வி கயிற்றைப் பற்றியது. அதனால் இரண்டும் ஆறும்.

மாதிரி முடிவானதும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. எங்கள் ஊரில் அது இன்னும் ஆழமானது.

ஆறு மெதிலீன் உள்ள இத்தகைய பொலியக்கிரிலேற்றுகளின், அதாவது பிரதான சங்கிலி அக்கிரிலேற்றால் ஆனவற்றின், கண்ணாடி நிலைமாற்றம் 30க்கும் 40 பாகை செல்சியசுக்கும் இடையில் வருவது வழக்கம். மூலக்கூற்றுத் திணிவைப் பொறுத்துச் சற்று ஏறி இறங்கும். குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் 20 பாகையில் மேசைமேல் கிடக்கும் அந்த மாதிரி கெட்டியான கண்ணாடி. வன்னியில் கோடையில் அறைக்குள்ளேயே 30ஐத் தாண்டிவிடும். தகரக் கூரைக்குக் கீழே அதைவிடவும் கூடும். அதே மாதிரி இங்கே கண்ணாடிக்கும் மென்மைக்கும் நடுவில் தத்தளிக்கும். வில்லியம்ஸ், லாண்டெல், பெரி மூவரும் 1955இல் தந்த சமன்பாட்டின் பொது மாறிலிகளைப் போட்டால், கண்ணாடி நிலைமாற்றத்தை ஒட்டி 3 பாகை ஏறினாலே சங்கிலியின் அசைவு பத்து மடங்கு விரைவாகிறது. 10 பாகை ஏறினால் ஏறத்தாழ எழுநூறு மடங்கு. காலை எட்டு மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் இடையில் எங்கள் விறாந்தையில் ஏறும் வெப்பம் அவ்வளவு இருக்கும். வெப்பநிலையைப் பத்திலொரு பாகைக்கு இறுக்கிப் பிடிக்காமல் எடுத்த எந்த அளவீட்டையும் நான் நம்பமாட்டேன்.

இதோடு சேர்ந்தது ஒப்பிடும் முறை. இரண்டு மாதிரியையும் 60 பாகையில் வைத்து அளந்து "ஆறு விரைவு" என்று எழுதினால் ஒன்றுமே சொன்னதாகாது. ஒன்றின் கண்ணாடி நிலைமாற்றம் கிட்டே நிற்கிறது, மற்றதினுடையது எட்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தன் கண்ணாடி நிலைமாற்றத்திலிருந்து சம தூரத்தில், 20 பாகை மேலே, 40 பாகை மேலே என்று வைத்து ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்த பிறகும் ஆறு விரைவாக நின்றால் அதுதான் கயிறு தந்த விடுதலை. பிறகு நெமற்றிக் நிலை குலையும் வெப்பநிலையிலிருந்து சம தூரத்திலும் ஒருமுறை பார்க்கட்டும். டெல்டாவைக் கட்டி வைப்பதில் ஒழுங்கின் அளவுக்கும் பங்கு உண்டு.

கோலையும் கவனிக்கச் சொன்னேன். அவள் பயன்படுத்தப் போவது மின்னுழையத் தளர்வு. மாதிரியைக் கொள்ளளவிபோல இரண்டு தகட்டுக்கிடையில் வைத்து, மீடிறனை மாற்றி மாற்றி அளப்பது. அதற்குத் தெரிவது இருமுனைவின், அதாவது மூலக்கூற்றில் நேர், மறை ஏற்றங்கள் விலகி நிற்கும் பகுதியின், அசைவு மட்டுமே. கோலின் நுனியில் சயனோ கூட்டம் இருந்தால் இருமுனைவு கோலின் நீளவாக்கில் பலமாக நிற்கும், டெல்டா பளிச்சென்று தெரியும். மெதொட்சியும் நடுவில் எசுத்தரும் உள்ள கோலில் குறுக்கு இருமுனைவே முந்தி நிற்பதால் பீற்றா தெளிவாகும், டெல்டா மங்கும். புரள்வைத் தேடுகிறவள் சயனோ நுனி உள்ளதைக் கேட்பது நல்லது. குறைந்த மீடிறனில், வெப்பம் ஏறிய நிலையில், மாதிரியில் கலந்திருக்கும் அயன்களின் கடத்தல் மேலெழுந்து டெல்டாவை மூடிவிடும். மாரியில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மாதிரியை நன்றாக உலர்த்தியே அளக்க வேண்டும்.

கருக் காந்தப் பரிவில் டியூற்றீரியம் இட்ட மாதிரிகளைக் கொண்டு வளையம், கயிறு, சங்கிலி என்று இடம் இடமாக அசைவைப் பிரித்துப் பார்க்கலாம். மைன்ஸ் நகரில் ஸ்பீஸ் குழுவினர் அதைப் பெரிதாக வளர்த்தார்கள். அந்த வசதி அவளுக்குக் கிட்டாது. அதற்காக மனம் குலையத் தேவையில்லை.

இடைத்தொடரைத் தொடாமலே அசைவை மாற்றும் வழியும் உண்டு என்பதால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மெதொட்சிபீனைல் பென்சோவேற்றுக் கோலைத் தொங்கவிட்டு, சங்கிலியை மட்டும் மாற்றிப் பார்த்த பழைய அளவீடுகளில் கண்ணாடி நிலைமாற்றம் பொலிமெதக்கிரிலேற்றில் ஏறத்தாழ 96 பாகை, பொலியக்கிரிலேற்றில் 47, பொலிசிலொட்சேனில் 15. முதல் இரண்டில் மெதிலீன் இரண்டு, மூன்றாவதில் மூன்று. சங்கிலியை மாற்றினால் எண்பது பாகை இறங்குகிறது. வெறும் விரைவுதான் தேவை என்றால் நான் சிலொட்சேனையே சொல்வேன். கயிற்றை நீட்டி அடுக்கில் சிக்குவதைவிட அது நேர்வழி. ஆனால் அவளின் ஆய்வு விரைவைப் பற்றியதல்ல.

பயன்பாட்டுக்காகத் தெரிவோருக்கு விடை வேறாகும். அசோபென்சீன் கோலில் ஒளியால் எழுதி வைக்கும் முறையை 1987இல் காட்டினார்கள். எழுதியது அழியாமல் நிற்க வேண்டுமானால் அசைவு உறைந்திருக்க வேண்டும். ஆறு மெதிலீன் அக்கிரிலேற்றை எடுத்தால் எங்கள் கோடை எழுதியதை மெல்ல மெல்ல அழித்துவிடும். இங்கே குட்டைக் கயிறும் மெதக்கிரிலேற்றும்தான் வேண்டும். சூடாக்கினால் சுருங்கும் செயற்கைத் தசை வேண்டுமென்றால் நேரெதிர். 1981இல் பிங்கல்மான் குழு செய்த முதல் திரவப் பளிங்கு மீள்மர், அதாவது இறப்பர்போல நீண்டு மீளும் பொருள், சிலொட்சேன் சங்கிலியில் ஆனது. அறை வெப்பநிலையில் அது நெகிழ்ந்தே இருக்க வேண்டும்.

கோல்கள் பக்கத்தில் தொங்காமல் சங்கிலிக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் வகையை அவள் கடைசியாகக் கேட்டாள். கேட்டதற்குக் காரணம் அவளின் அம்மா. தங்கச்சி சில வருடம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். அங்கே அணியும் பாரமான மேலங்கிக்குள் இருப்பது அரமிட்டு நார்த் துணி. கெவ்லார் என்ற பெயரில் உலகம் அறிந்த நாரும் அந்தக் குடும்பம்தான். 1965இல் ஸ்ரெபனி குவோலெக் டூபொன்ற் ஆய்வுகூடத்தில் கண்ட கரைசலின் வழித்தோன்றல் அது. அதில் இடைத்தொடரே கிடையாது. கோலோடு கோல் விறைப்பாக ஒட்டியிருக்கிறது. சூடாக்கினால் உருகாமல் சிதைந்துதான் போகும், அதனால் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்தே நூற்கிறார்கள். கரைசலில் ஒரே திசையில் நிரைகொண்ட கோல்கள் நாரிலும் அப்படியே நிற்பதால்தான் அந்த வலு. புரள்வதற்கு இடம் இல்லாததே அந்த நாரின் பலம். ஆறு வருடம் அந்த வெயிலில் அதைச் சுமந்தவள் திரும்பி வந்து வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த வகையை உருக்கி வார்க்க வேண்டுமானால் கோல்களுக்கு நடுவே கயிறு வேண்டும். அப்படிக் கயிறு வைத்த பல்பகுதியங்களை 1975இல் இத்தாலியின் றொவியெல்லோவும் சிறிகுவும் எழுதினார்கள். இங்கே கன்று கட்டும் கயிற்றை விட்டுவிட்டுப் பிணையலை நினைக்க வேண்டும். உழவு இயந்திரம் வருவதற்கு முன் சூடு மிதிக்கும் களத்தில் மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்து நடத்துவார்கள். ஒரு மாடு திரும்பினால் அடுத்ததும் திரும்பியாக வேண்டும். இடைத்தொடர் இங்கே ஒழுங்கிலிருந்து விலகி நிற்க முடியாது, அதுவும் நீண்டு நிரையில் சேரும்.

அதனால்தான் இந்த வகையில் இரட்டை, ஒற்றை என்பது நீளத்தைவிடப் பெரிய விசயம். ஈதர் பிணைப்புகளுக்கு நடுவே மெதிலீன் எண்ணிக்கை இரட்டை என்றால் நீட்டிய நிலையில் இருபக்கக் கோலும் ஒரே கோட்டில் நிற்கும். ஒற்றை என்றால் ஒன்றுக்கொன்று முறிந்து சாய்ந்து நிற்கும். நெமற்றிக் குலையும் வெப்பநிலையும் அப்போது மாறும் எந்திரப்பியும் (ஒழுங்கின்மையின் அளவு) இரட்டையில் ஏறி, ஒற்றையில் இறங்கி, பல்லுப் பல்லாகப் போகும். நீளம் கூடக் கூட அந்தப் பல்லு மழுங்கும். ஐந்தையும் ஆறையும் அளந்து "நீளம் கூடினால் ஒழுங்கு கூடுகிறது" என்று எழுதிய பிள்ளை, ஆறையும் ஏழையும் அளந்திருந்தால் நேர்மாறாக எழுதியிருக்கும். முதன்மைச் சங்கிலி வகையில் ஒப்பிடுகிறவர் இரண்டிரண்டாகவே கூட்ட வேண்டும்: 4, 6, 8. ஒற்றையின் கோணலை வெறும் குறையாகவும் நினைக்கக் கூடாது. ஏழு மெதிலீனால் இணைத்த சயனோபைபீனைல் இரட்டை மூலக்கூறு ஒன்றில் அந்த வளைவே ஏறத்தாழ 8 நனோமீற்றருக்கு ஒரு சுற்றாக முறுகி நிற்கும் புதிய நெமற்றிக் நிலையைத் தந்தது. 2011இலிருந்து அதைப்பற்றித் தொடர்ந்து எழுதுகிறார்கள். பக்கச் சங்கிலி வகையிலும் ஒற்றை இரட்டை உண்டு, ஆனால் சத்தம் குறைவு. 2, 6 இரண்டுமே இரட்டை என்பது அவளுக்கு வாய்த்த நல்லதுதான். 11ஐ எடுத்திருந்தால் நிலை மாற்றத்தோடு ஒற்றை என்ற குழப்பமும் வந்து சேர்ந்திருக்கும்.

படிவத்தில் இரண்டும் ஆறும் என்று நிரப்பி, சயனோ நுனி உள்ளது இருந்தால் அதைத் தரும்படி ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். மாதிரி வந்ததும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் கோல்களின் ஒழுங்கு முற்றாகக் குலைந்து சமதிசைத் திரவம் ஆகும் வரை சூடாக்கி, பழைய சரித்திரத்தை அழித்து, எப்போதும் ஒரே வேகத்தில் குளிரவிட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அளவீட்டை விடியப்புறம் ஐந்து மணிக்குத் தொடங்குவாள். அந்த நேரம் கூரையும் குளிர்ந்திருக்கும், மின்னழுத்தமும் ஒரு நிலையில் நிற்கும். தேத்தண்ணி வைக்க நான் எழும்புவேன்.